போருக்கு முன் கட்டிய வீடு

சென்ற ஆவணி மாதத்தில், யாழ்ப்பாணத்துத் தினசரி ஒன்றின் சிறு விளம்பரப் பத்தியிலே, மணமகள் தேவை என்பதற்கும் மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு என்பதற்கும் நடுவில் நான்கு வரிகள் வெளிவந்தன. ‘வண்ணார்பண்ணையில் 6 பரப்புக் காணி. நல்ல தண்ணீர்க் கிணறு. தொடர்மாடிக்கு உகந்தது. போருக்கு முன் கட்டிய கல்வீடும் உண்டு.’

வாசகத்தை எழுதியவர் தரகர். காசு கட்டியவன் நான். நாற்பது ஆண்டுகள் தமிழ் இலக்கணம் படிப்பித்த பழக்கத்தினால், விலையைப் பற்றிய கவலைக்கு முன்னரே ‘கல்வீடும்’ என்பதன் இறுதியில் நின்ற உம்மை என் கண்ணை உறுத்தியது. காணியும் உண்டு, அதனோடு வீடும் உண்டு என்று பொருள் கொண்டால் அது எச்சவும்மை; குற்றம் இல்லை. ஆனால் தரகர் அதனை உச்சரித்த விதத்தில் அது இழிவு சிறப்பும்மையாகவே என் காதில் விழுந்தது. என் பாட்டனார் இருபத்தைந்து ஆண்டுகள் பிறநாட்டில் உழைத்துக் கட்டிய வீடு ஓர் இடைச்சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

‘போருக்கு முன்’ என்றாரே, அது எந்தப் போர்? விளம்பரம் வெளிவந்த அன்று இக்கேள்வியை மூவரிடம் கேட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மாணவன் 2006இல் ஏ9 பாதை பூட்டப்பட்டதை நினைத்துக்கொண்டான். அதற்கு முந்தியவை அவனுக்குப் பாடப்புத்தகம். தரகருக்கு அது 1983. தொண்ணூறைத் தாண்டிய என் ஆசிரியர் ஒருவர் மட்டும் சற்றும் தயங்காமல், “சப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடிக்க முந்தியோ?” என்றார். அவர் சொன்னதே சரி. முகப்பிலே சுண்ணச்சாந்தில் பொறித்த ஆண்டு 1937.

நியூயோர்க் நகரத்திலே இதே சொல்லுக்கு வேறு மதிப்பு உண்டு. அங்கே ‘போருக்கு முற்பட்டது’ என்று ஒரு தொடர்மாடி வீட்டை விளம்பரம் செய்தால் விலை ஏறும். உயர்ந்த கூரை, தடித்த சுவர், மரம் பாவிய தரை, ஒலி புகாத அறை என்பன அச்சொல்லுக்குள் அடக்கம். 1939க்கு முன் எழுந்த கட்டடத்தில் குடியிருப்பது அங்கே ஒரு கௌரவம். அந்நகரத்தாரும் தொடக்கத்திலேயே அறிவாளிகளாய் இருந்துவிடவில்லை. பென்சில்வேனியா நிலையம் என்ற மாபெரும் புகையிரத நிலையத்தை 1963 முதல் இடித்துத் தள்ளினார்கள். அதைப் பார்த்து மனம் பதைத்த பின்னரே, 1965இல் பழங்கட்டடங்களைக் காக்க ஒரு சட்டம் செய்தார்கள். நம்மவர்க்கு இடிப்பது புதிதன்று. ஆனால் இடிபாட்டைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிப்போயிற்று. நாமாக இடிக்கும்போதும் அது இடிபாடாகத் தோன்றுவதில்லை.

வீட்டின் கதையைச் சொல்லுகிறேன். வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய செமினரியும் அதன்பின் எழுந்த ஆங்கிலக் கல்லூரிகளும் எங்கள் குடாநாட்டில் கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் தெரிந்த இளைஞரை, மண் தாங்கக்கூடியதற்கு அதிகமாகவே உண்டாக்கின. அதே காலத்தில் மலாயாவிலே ஆங்கிலேயர் இருப்புப்பாதை போட்டார்கள். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரையிலான முதற் பாதை 1885இல் திறந்தது. பாதைக்குக் கூலியாட்கள் போதும். நிலையத்துக்கோ இலிகிதர் வேண்டும். யாழ்ப்பாணத்தான் கப்பலேறினான். என் பாட்டனார் ஏறியது 1909இல். கோலாலம்பூரிலே புகையிரத இலாகாவில் இலிகிதராகச் சேர்ந்து, நிலைய அதிபராகி, ஓய்வூதியத்தோடு திரும்பினார். இப்படித் திரும்பியவர்களுக்கு ஊரிலே ‘மலாயாப் பென்சன்காரர்’ என்று பெயர். தலைப்பாகை, குடை, பித்தளைப் பூண் போட்ட கைத்தடி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கல்வீடு என்பன அப்பட்டத்தின் சின்னங்கள்.

எங்களுடையது நாற்சார் வீடு. வீதியிலிருந்து வந்தால் சங்கடப்படலை. அதைக் கடந்தால் தலைவாசலும் இருபுறத் திண்ணையும். உள்ளே நான்கு புறமும் விறாந்தை ஓட, நடுவிலே வானத்தைப் பார்த்த முற்றம். இவையெல்லாம் ஊர் முறை. மலாயாப் பணம் சேர்த்தவை வேறு: மோட்டார்க் காரே இல்லாத வீட்டுக்கு ஒரு போர்ட்டிக்கோ, முன்புறத்தில் ஒரு மேல்மாடி அறை, கதவுகளுக்கு மேலே சிவப்பும் நீலமுமான கண்ணாடி, முகம் தெரியும்படி மினுக்கிய சிவப்புச் சீமெந்துத் தரை. சுவர் முருகைக்கல்லும் சுண்ணச்சாந்தும். சித்திரை வெயிலிலும் அச்சுவரில் முதுகைச் சாய்த்தால் குளிரும். தீராந்திகள் வன்னிக்காட்டு முதிரை. சலாகைகள் வைரமேறிய பனை. ஓடுகள் கடல் கடந்து இந்தியக் கரையிலிருந்து வந்தவை.

மழைக்காலத்தில் நான்கு கூரைகளின் நீரும் பீலி வழியாக நடுமுற்றத்திலே கொட்டும். ஐப்பசி பிறந்து முதல் மழை விழும்போது வீட்டிலிருந்த எல்லாரும் செய்த வேலையை விட்டு முற்றத்தைச் சுற்றி வந்து நிற்போம். ஆறில்லாத நாடு எங்களுடையது. மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கிக் கிணற்றில் ஊறினால்தான் ஆண்டு முழுவதும் குடிநீர். அக்காவும் நானும் பீலிக்கு நேரே பித்தளைக் குடத்தை வைத்துவிட்டு, அது நிரம்ப நிரம்ப ஓசை மாறுவதைக் காது கொடுத்துக் கேட்போம்.

வீடு தனியே நிற்பதில்லை, அயலோடுதான் நிற்கிறது. வண்ணார்பண்ணை அயல் என்பது சாதாரணமானதன்று. ஒல்லாந்தர் ஆட்சி முடியும் தறுவாயில் வைத்திலிங்கச் செட்டியார் எழுப்பிய வைத்தீஸ்வரன் கோயில் எங்களுக்கு மணிக்கூடு. 1847ஆம் ஆண்டின் கடைசி நாளன்று ஆறுமுக நாவலர் முதன்முதலாகப் பிரசங்கம் செய்தது அக்கோயிலிலே. அடுத்த ஆண்டில் அவருடைய சைவப்பிரகாச வித்தியாசாலையும், சற்றுப் பின்னர் அவருடைய அச்சியந்திரசாலையும் இவ்வயலிலேயே தோன்றின. 1889இல் ‘இந்துசாதனம்’ இங்கிருந்து வெளிவரத் தொடங்கியது. காங்கேசன்துறை வீதியிலே இந்துக் கல்லூரி. பொற்கொல்லர் தெருக்களிலிருந்து காலையில் கேட்கும் சிறு சுத்தியலின் ஓசை. இவற்றை ஆசிரியர் எவரும் சொல்லுவார். வரலாற்றுப் பாடத்தில் மதிப்பெண்ணும் உண்டு.

குறைவாகச் சொல்லப்படுவது ஒன்று உண்டு. கல்லூரிக்குச் சற்றுத் தெற்கே ஐந்துசந்தி. அதனைச் சுற்றிச் சோனகத் தெரு. இலங்கைச் சிவில் சேவையில் புகுந்த முதல் முஸ்லிமும், பின்னாளில் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபருமான ஏ. எம். ஏ. அஸீஸ் 1911இல் பிறந்தது இந்த வண்ணார்பண்ணையிலேதான். குர்ஆன் பள்ளியில் தொடங்கி, வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் இந்துக் கல்லூரியிலும் படித்துத்தான் அவர் மேலே சென்றார். கோயில் மணியும் பள்ளிவாசற் பாங்கும் ஒன்றையொன்று முந்தாமல் கேட்ட அயல் அது. நோன்பு மாதத்திலே அங்கிருந்து ஒரு தூக்குவாளியில் கஞ்சி வரும். தைப் பிறப்பன்று அதே வாளியைக் கழுவி, வெறுமையாய்த் திருப்பக் கூடாது என்று, அம்மா பொங்கல் நிரப்பி அனுப்புவார்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், ஒலிபெருக்கியில் அழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று அம்மக்களுக்கு ஆணையிட்டார்கள். ஆணையிட்டவர்கள் விடுதலைப் புலிகள், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். தூக்குவாளி எங்கள் வீட்டு அடுக்களையிலேயே தங்கிவிட்டது. சில மாதங்களுக்குள் சோனகத் தெருவின் ஓடுகளும் கதவுகளும் மரங்களும் வண்டியேறின. வீட்டை விலை பேச வருகிறவர்கள், “அயல் எப்படி?” என்று என்னிடம் கேட்கிறார்கள். நல்ல அயல் என்று சொல்லும்போதெல்லாம் அந்த வாளி நினைவுக்கு வருகிறது. 2009க்குப் பின் சில குடும்பங்கள் திரும்பி வந்தன. தூக்குவாளியின் சொந்தக்காரர் வரவில்லை.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழிந்து, 1995இலே அதே ஒக்டோபர் 30ஆம் நாள், வெளியேறும் முறை எங்களுக்கு வந்தது. வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஓரிரவில் நகர்ந்தது. அப்பா உறுதிகள் இருந்த தகரப் பெட்டியைத் தலையிலே சுமந்தார். அம்மா எதையும் எடுக்கவில்லை. நடுமுற்றத்துத் துளசிக்கு ஒரு செம்பு நீர் வார்த்துவிட்டுப் படலையைச் சாத்தினார். 1981இல் பொதுநூலகம் எரிந்த இரவிலே மேல்மாடி அறையிலிருந்து தெற்கு வானம் சிவந்ததைக் கண்டவர்கள் நாங்கள். திரும்பிப் பார்த்தால் என்ன தெரியும் என்று அறிந்தே எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் திரும்பி வந்தபோது கூரையிலே பாதி இல்லை. நிறக் கண்ணாடிகளும் இல்லை. சுவர் அப்படியே நின்றது. பொருளாதாரத் தடைக் காலத்திலே சீமெந்துக்கு வழியிருக்கவில்லை. பழைய மேசன் ஒருவர் சுண்ணாம்பு நீற்றி, மணல் சேர்த்து, பாட்டனார் காலத்துச் சாந்தையே அரைத்துப் பூசிக் கொடுத்தார். வேறு வழியின்றிச் செய்த அந்தத் திருத்தமே சிறந்த திருத்தமாயிற்று. தடை நீங்கிய பிறகு நான் நல்ல சீமெந்தாலே பூசுவித்த மேற்குச் சுவர்தான் இன்று உப்புப் பூத்து உதிர்கிறது.

இனி விற்பனைக்கு வருகிறேன். எங்கள் வழக்கப்படி வீடு பெண்வழிச் சொத்து. பாட்டனார் அதனை என் தாயாருக்குச் சீதனமாகக் கொடுத்தார். தாயார் அக்காவுக்கு அரைவாசியைச் சீதனமாகவும், எனக்கு அரைவாசியை நன்கொடையாகவும் எழுதினார், பிரித்து எழுதவில்லை. நடுமுற்றத்தை எப்படிப் பிரிப்பது? அக்கா ரொறன்ரோவில் இருக்கிறார். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. முதுமை வந்துவிட்டது, பராமரிப்பு இல்லத்துக்குப் பணம் கட்ட வேண்டும். ஆடம்பரத்துக்கு விற்கிறவர் அல்லர்.

சட்டம் இங்கே குறுக்கிட்டது. ஒல்லாந்தர் ஆணைப்படி திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்பிய தேசவழமை 1707இல் எழுத்தில் வந்தது. காணியை விற்க எண்ணுபவர் உரித்துக்காரருக்கும் பங்காளருக்கும் முதலிலே அறிவிக்க வேண்டும் என்பது அதில் உள்ள பழைய விதி; ஒற்றியாகப் பிடித்த அயற்காணிக்காரரும் ஒருகாலத்தில் அக்கூட்டத்துள் இருந்தனர். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வரம்பு கட்டிய பின்னரும் பங்காளனுக்குரிய இடம் போகவில்லை. ஆகவே, ‘என் பங்கை வாங்க உனக்கே முதலுரிமை, வாங்குவாயா?’ என்னும் பொருளில் நொத்தாரிசு மூலமாக எனக்கு ஓர் அறிவித்தல் வந்தது. அக்கா தம்பிக்கு அனுப்பிய அறிவித்தல்! தொலைபேசியில் அவர் அழுதார். “அது சட்டத்துக்காகத் தம்பி. நீ வாங்கிறதெண்டால் நான் விலை பேசமாட்டன்” என்றார்.

விலை பேசாமலே வாங்கவும் ஓய்வுபெற்ற ஆசிரியனிடம் என்ன இருக்கிறது? அரைவாசிக்குத் தரகர் சொன்ன தொகையை இங்கே எழுதப் போவதில்லை. வாழ்நாள் முழுவதும் வாங்கிய சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் ஒரு சதமும் செலவு செய்யாமல் அடுக்கி வைத்திருந்தாலும் அது எட்டாது என்பது மட்டும் போதும். என் உரிமை தாளில் மட்டுமே உண்டு. எனவே இருவர் பங்கையும் சேர்த்தே விற்பது என்று முடிவாயிற்று.

மூவர் பார்க்க வந்தனர். முதலாமவர் கொழும்பிலிருந்து அளவுநாடாவோடு வந்தார். வெள்ளவத்தையில் தொடர்மாடிகள் கட்டிய அனுபவம் உள்ளவர், மிகவும் மரியாதையானவர். வேலி முதல் வேலி வரை அளந்தார். ஒரு முறையேனும் அண்ணாந்து பார்க்கவில்லை. “பழைய வீட்டை அப்புறப்படுத்துகிற செலவை விலையில் கழிக்க வேண்டும்” என்றார். அப்போதுதான் உம்மையின் பொருள் எனக்கு முற்றும் விளங்கியது.

இரண்டாமவர் அண்ணாந்து மட்டுமே பார்த்தார். மர வியாபாரி. தீராந்திகளை எண்ணி, தூணைத் தட்டிப் பார்த்து, கதவு நிலைகளுக்குத் தனி விலை சொன்னார். காரைக்குடிப் பழம்பொருட் கடைகளிலே செட்டிநாட்டு வீடுகளின் தூணும் கதவும் நிலைகுத்தி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பர்மாவிலிருந்து தேக்கும் பணமும் வந்த காலத்தில் எழுந்த வீடுகள் அவை. அந்தப் பர்மாவும் 1942இல் ஜப்பானியர் கையிற் போனதுதான். கதவு இன்னொரு நாட்டின் உணவு விடுதியிலே அழகாக நிற்கக்கூடும். ஆனால் எந்த விறாந்தைக்கு அது திறந்தது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

மூன்றாமவரைப் பற்றிச் சொல்லுமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதுவரை நான் புகழ்ந்த தலைவாசலுக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. ஊரில் சிலர் அதைத் தாண்டி உள்ளே வரலாம். சிலர் திண்ணையோடு நிற்க வேண்டும். சிலருக்குப் படலையே எல்லை. அவர்கள் எங்கள் கிணற்றிலே கயிறு தொடக் கூடாது. குடத்தோடு வந்து, எங்கள் வீட்டார் எவரேனும் அள்ளி வார்க்கும் வரை வெயிலிலே காத்திருப்பார்கள். அள்ளி வார்க்க என்னைத்தான் அனுப்புவார்கள். நான் விளையாட்டை விட்டு வரத் தாமதிப்பேன். அச்சம்பவங்களை எண்ணும்போது நாற்சார் வீட்டின் அழகைப் பற்றி எழுதும் என் பேனா சற்றுத் தயங்குகிறது, தயங்கவும் வேண்டும்.

மூன்றாமவர் நகரத்திலே இரும்புக் கடை வைத்திருக்கிறவர். ஐம்பது வயதிருக்கும். படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். “ஏன் தம்பி அங்கை நிக்கிறியள், உள்ளை வாங்கோ” என்றேன். விறாந்தையை ஒருமுறை பார்த்தார், அளக்கவில்லை, எண்ணவுமில்லை.

“மாஸ்டர், கிணறு பாக்கலாமோ?” என்றார்.

கிணற்றடிக்குக் கூட்டிச் சென்றேன். மின்சாரப் பம்பு இருக்கிறது என்று சொல்லியும் கேளாமல், வாளியைத் தாமே இறக்கி அள்ளினார். கையில் ஏந்திக் குடித்தார். பிறகு மிச்ச நீரைக் காலிலே ஊற்றிக்கொண்டு, “அப்பாச்சி சொல்லுறவ, இந்த அயலிலை இதுதான் நல்ல தண்ணியெண்டு” என்றார். அவருடைய அப்பாச்சி யார் என்று நான் கேட்கவில்லை. குடத்தோடு நின்றவர்களின் முகங்களில் ஒன்றை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். வெயில் மட்டுமே நினைவுக்கு வந்தது.

திரும்பும்போது அவர் சொன்னார்: “பொய் சொல்லேல்லை மாஸ்டர். வீட்டை இடிச்சுத்தான் கட்டுவன். மூண்டு பிள்ளையள். கிணத்தை மூடமாட்டன்.”

மற்ற இருவரை விட அவர் சொன்ன விலை சற்றுக் குறைவு. அன்றிரவு அக்காவுக்கு மூவரையும் பற்றி விவரமாகச் சொன்னேன். நீண்ட நேரம் மௌனமாய் இருந்தார். பின்பு, “கிணத்தடியிலை நிண்ட ஆக்களுக்கு நானும் தண்ணி வாத்திருக்கிறன். அவருக்கே குடு” என்றார். இன்னொன்றும் கேட்டார்: முற்றத்திலே பீலித் தண்ணீர் விழும் ஓசையை ஒருமுறை பதிவு செய்து அனுப்ப வேண்டுமாம்.

இப்போது புரட்டாசி. மாரி பிறக்க இன்னும் சில வாரங்கள் உண்டு. அறுதி உறுதி எழுதும் நாளை முதல் மழைக்குப் பின் வைக்கும்படி நொத்தாரிசிடம் சொல்லியிருக்கிறேன். காரணம் கேட்டார், அக்காவின் அற்றோணித் தத்துவம் வந்துசேரத் தாமதமாகும் என்று சொல்லி வைத்தேன். இரும்புக் கடைக்காரரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். பித்தளைக் குடம் இருக்கிறதா என்று அவர் கேட்டார்.